கண் அசரும் நேரத்தில் உடம்பு ஏன் தூக்கிவாரிப் போடுகிறது?

போன வருடம் ஏப்ரலில் ஒரு நாள், இரவு பன்னிரண்டரை மணி இருக்கும், தம்பி போன் செய்தான். நீட் தேர்வுக்காக வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் போன் அடித்தாலே வயிற்றைக் கலக்கும். எடுத்ததும், "அக்கா, அம்மாகிட்ட சொல்லிடாத. எனக்கு வலிப்பு வருதுன்னு நினைக்கிறேன்" என்றான். மூன்று நாளாகவே, கண் சொக்கி வரும் அந்த நொடியில், படியில் கால் தவறின மாதிரி உடம்பு ஒரே தூக்காகத் தூக்கிப் போடுகிறதாம். முந்தின நாள் கட்டில் கம்பியை உதைத்ததில் கணுக்கால் வேறு வீங்கியிருந்தது. இது போதாதென்று பக்கத்துக் கட்டில் பையன், "தூங்கும்போது இதயம் ஒரு செகண்ட் நின்னுடும், நாம செத்துட்டோம்னு நினைச்சு மூளை உலுக்கி எழுப்பும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியைக் காட்டியிருக்கிறான். அதைப் படித்ததிலிருந்து தூங்கப் பயந்துகொண்டு லைட்டைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

நான் பிசியோதெரபி படித்தவள். நரம்பும் தசையும் எனக்குத் தினசரி வேலை. அன்றைக்கு அவனுக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் இதே பயத்தோடு இதே கேள்வியைக் கேட்பவர்களை அதற்குப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஒன்று. இது வலிப்பு இல்லை, இதயம் நிற்பதும் இல்லை. மருத்துவத்தில் இதற்கு ஹிப்னிக் ஜெர்க் என்று பெயர், ஸ்லீப் ஸ்டார்ட் என்றும் சொல்வார்கள். 10 பேரில் 6, 7 பேருக்கு வாழ்க்கையில் எப்போதாவது வந்திருக்கும். வந்தது தெரியாமலே தூங்கிப்போகிறவர்களும் உண்டு, பக்கத்தில் படுத்திருப்பவர் வாங்கின உதையை வைத்துத்தான் காலையில் தெரியவரும். தசை தன்னிச்சையாக, நாம் சொல்லாமல், வெடுக்கென்று ஒரு முறை சுருங்கி விடுவதற்கு மயோக்ளோனஸ் என்று பெயர். விக்கலும் அந்தக் குடும்பம்தான், அங்கே சுண்டி இழுப்பது வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம், இங்கே கால், கை, சில நேரம் மொத்த உடம்பு. ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அதற்கப்புறம் நெஞ்சு படபடவென்று அடிப்பது, மூச்சு வேகமாவது, லேசாக வியர்ப்பது எல்லாம் திடுக்கிட்டதன் பின்விளைவு. ஒருவர் பின்னால் வந்து தோளைத் தட்டினாலும் இதேதான் நடக்கும்.

சரி, தூங்கப் போகிற உடம்பு எதற்குத் திடுக்கிட வேண்டும்?

இதைப் புரிந்துகொள்ள, தூக்கம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூளை களைத்துப்போய்த் தானாக ஓய்ந்துவிடுவதுதான் தூக்கம் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை, தூங்கவைப்பதற்கென்றே மூளையில் ஓர் இடம் இருக்கிறது என்பதற்கான முதல் தடயம் ஒரு கொள்ளைநோயிலிருந்து கிடைத்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது வியன்னாவில் ஒரு விநோதமான மூளைக் காய்ச்சல் பரவியது. வந்தவர்களில் பலர் நாள்கணக்கில், வாரக்கணக்கில் தூங்கிக்கொண்டே இருந்தார்கள். சிலருக்கு நேர்மாறாகத் தூக்கமே பிடிக்கவில்லை. கான்ஸ்டன்டின் வான் எகனாமோ என்ற நரம்பியல் மருத்துவர் 1917இல் அந்த நோயைப் பற்றி எழுதினார். இறந்துபோனவர்களின் மூளையைத் திறந்து பார்த்தபோது, தூங்கியே கிடந்தவர்களுக்கு, மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சின்ன உறுப்பின் பின்பகுதியும், தூக்கமில்லாமல் தவித்தவர்களுக்கு அதன் முன்பகுதியும் கெட்டிருந்ததைக் கண்டார். முன்னால் தூங்கவைக்கும் இடம், பின்னால் விழிக்கவைக்கும் இடம். இதிலிருந்து அவர் ஊகித்தது எவ்வளவு சரி என்பது பல பத்தாண்டுகள் கழித்து, 1996இல், ஹைப்போதலாமஸின் முன்பக்கம் தூக்கத்தின்போது வேலை செய்யும் ஒரு சின்ன நரம்புக் கூட்டத்தை அமெரிக்காவில் கிளிஃபோர்டு சேப்பர் குழுவினர் காட்டியபோதுதான் உறுதியானது.

விழிப்புப் பக்கம் மூளைத் தண்டிலிருந்து கிளம்பி மேலே போகிற ஒரு பெரிய வலைப்பின்னல். நாரட்ரினலின், செரட்டோனின், ஹிஸ்டமின் என்று பல வேதிப்பொருட்களை அனுப்பி மூளையை உசுப்பிக்கொண்டே இருக்கும். பழைய சளி மாத்திரைகளைப் போட்டால் கண்ணைச் செருகிக்கொண்டு வருமே, அந்த மாத்திரை மூக்கில் மட்டும் ஹிஸ்டமினைத் தடுப்பதில்லை, மூளையிலும் தடுத்துவிடுகிறது, அதனால்தான். தூக்கப் பக்கம் இந்த வலைப்பின்னலை அமுக்கப் பார்க்கும், விழிப்புப் பக்கம் தூக்கப் பக்கத்தை அமுக்கப் பார்க்கும். எது ஓங்குகிறதோ அந்த நிலையில் நாம் இருப்போம்.

இந்த மாற்றத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ்கள் ஷிப்ட் மாறும் நேரம்தான் நினைவுக்கு வரும். இரவு டூட்டிக்காரர் வந்துவிட்டார், பகல் டூட்டிக்காரர் இன்னும் கிளம்பவில்லை, நோட்டுப் புத்தகம் ஒருவர் கையில், சாவி இன்னொருவர் கையில். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு மணி அடித்தால் இரண்டு பேரும் ஒரே சமயம் எழுந்து ஓடுவார்கள். உடம்பிலும் எல்லாப் பொறுப்பும் ஒரே நொடியில் கைமாறுவதில்லை. மூளையின் மேற்பகுதியில் விழித்திருக்கும்போது, கண்ணை மூடிச் சும்மா படுத்திருந்தால், நொடிக்கு 8 முதல் 13 வரை துடிக்கும் ஆல்ஃபா அலைகள் குறைந்து 4 முதல் 7 வரை துடிக்கும் தீட்டா அலைகள் வரும். மூடிய இமைக்குள் கருவிழி மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும். கழுத்து, கை, விரல் என்று தசைகளின் பிடி ஒவ்வொன்றாகத் தளரும், படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த செல்போன் பொத்தென்று மூக்கில் விழுவது இந்தக் கட்டத்தில்தான். சில நிமிடங்களே நீடிக்கும் இந்த முதல் கட்டத் தூக்கத்தில்தான் உலுக்கலும் வருகிறது.

விழிப்பு வலைப்பின்னல் அடங்கிப்போகும் வழியில், மூளைத் தண்டிலிருந்து ஒரு தாறுமாறான மின்துடிப்பு தண்டுவடம் வழியாக இறங்கித் தசைகளைச் சுண்டிவிடுகிறது என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். கிளம்பிக்கொண்டிருந்த பகல் டூட்டிக்காரர் வாசலில் நின்று ஒரு முறை உரக்கக் கூப்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி. முழுசாக நிரூபணமானது என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் எப்போது வரும் என்று தெரியாத ஒன்றைச் சோதனைச்சாலையில் கருவி மாட்டிக் காத்திருந்து பிடிப்பது கடினம். ஆனாலும் கவனித்தவர்கள் முன்னாலிருந்தே இருக்கிறார்கள். கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலிக்கும் விஷயத்துக்குப் பெயர் வைத்த அமெரிக்க மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல், தூக்கத்தின் வாசலில் வரும் இந்த அதிர்ச்சிகளைப் பற்றி 1890இலேயே எழுதியிருக்கிறார். பிரிட்டனில் இயன் ஆஸ்வால்ட் மூளை அலைப் பதிவோடு சேர்த்து இதை ஆராய்ந்து எழுதியது 1959இல். அவர் இதை வலிப்பிலிருந்து தெளிவாகப் பிரித்து வைத்தார். 1959இலேயே தீர்ந்த ஒரு பயம் இன்றைக்கும் ஒரு விடுதி அறையில் பிள்ளையைத் தூங்கவிடாமல் செய்கிறது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அப்போ அந்தப் படி? பலருக்கு வெறும் உதறல் மட்டும் வருவதில்லை. மாடியிலிருந்து விழுவது போல, பள்ளத்தில் கால் வைத்தது போல, சைக்கிள் சறுக்கியது போல ஒரு காட்சியும் சேர்ந்தே வரும். கனவில் விழுந்தோம், அதனால் உடம்பு துள்ளியது என்று நாம் நினைக்கிறோம். நடப்பது பல நேரம் தலைகீழாக இருக்கலாம், உதறல் முதலில், காரணம் பிறகு. தூங்கத் தொடங்கிய மூளை, திடீரென்று வந்த ஓர் உணர்வுக்குக் கைக்குக் கிடைத்த ஒரு கதையைச் சட்டென்று போர்த்திவிடும். இதற்கு 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஆல்ஃபிரெட் மோரி என்ற பிரெஞ்சு அறிஞர் தன் தூக்கத்தையே ஆராய்ந்துகொண்டிருந்தவர். ஒரு நாள் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தான் கைதாகி, விசாரிக்கப்பட்டு, கூட்டத்தின் நடுவே கொண்டுபோகப்பட்டு, கில்லட்டினில் தலை வெட்டப்படுவதாக நீளமாகக் கனவு கண்டார். விழித்தால் கட்டிலின் தலைமாட்டுச் சட்டம் கழன்று கழுத்தில் விழுந்து கிடந்தது. கழுத்தில் பட்ட ஒரு தட்டு, அதற்கு முன்னால் ஒரு முழு விசாரணையே நடந்ததாக நினைவு! நம் படிக்கட்டும் அந்த வகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காலில் ஒரு சுண்டல், அதற்கு மூளை எழுதும் ஒரு வரிக் கதை. சிலருக்குக் கதை ஒளியாக வரும், கண்ணுக்குள் பளீரென்று மின்னும். சிலருக்குத் தலைக்குள் வெடி வெடித்த மாதிரி சத்தம் கேட்கும். கேட்கப் பயங்கரமாக இருந்தாலும் இதுவும் இதே வாசலில் நடக்கும், வலியோ ஆபத்தோ இல்லாத விஷயம்.

இந்த அரைத்தூக்க வாசலை நான் பயப்பட வேண்டிய இடமாகப் பார்ப்பதே இல்லை. 2021இல் பாரிஸில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கணக்குப் புதிரைக் கொடுத்து, நடுவில் 20 நிமிடம் ஓய்வெடுக்கச் சொன்னார்கள், கையில் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு. கண் அசந்தால் பிடி தளர்ந்து அது விழும், சத்தத்தில் விழித்துவிடுவார்கள். அந்த முதல் கட்டத் தூக்கத்தை வெறும் 15 நொடியாவது தொட்டுவிட்டு வந்தவர்களில் 83 சதவீதம் பேர் புதிரில் ஒளிந்திருந்த குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம், இன்னும் ஆழமாகத் தூங்கிப்போனவர்களில் 14 சதவீதம். தம்பியிடம் இதைச் சொன்னபோதுதான் அவன் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது.

குரங்குக் கதைக்கு வருகிறேன், இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும். நம் மூதாதையர் மரத்தில் தூங்கினார்கள், தசை தளர்ந்ததும் கிளையிலிருந்து விழப்போகிறோம் என்று மூளை பதறி உடம்பை உலுக்கும், அதன் மிச்சம்தான் இது என்கிறது அந்தக் கருத்து. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் கூலிட்ஜ் இதை முன்வைத்தவர்களில் ஒருவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒட்டவில்லை. விழப்போகிறவன் கிளையைப் பிடிக்க வேண்டியது கையால், இங்கே பெரும்பாலும் உதைப்பது கால். பச்சைக் குழந்தைகளுக்கு விழும்போது பற்றிக்கொள்ளும் அனிச்சைச் செயல் நிஜமாகவே உண்டு. தலை சட்டென்று பின்னால் சாய்ந்தால் இரண்டு கையையும் விரித்து, பிறகு கட்டிப்பிடிப்பதுபோல மடக்கும். எர்ன்ஸ்ட் மோரோ என்ற மருத்துவர் 1918இல் விவரித்தது, சில மாதங்களில் மறைந்துவிடும். தொட்டிலில் மெதுவாகக் கிடத்தும்போதே குழந்தை தூக்கிவாரிப் போட்டு அழுவது இதனால்தான். பெரியவர்களின் உலுக்கல் அந்த அசைவு மாதிரி இருப்பதில்லை.

தொட்டில் என்றதும் இன்னொன்று. ஜெனீவாவில் 2011இல், வளர்ந்த ஆண்களை மெதுவாக ஆடும் கட்டிலில், 4 நொடிக்கு ஓர் ஆட்டம் என்ற கணக்கில், மதியத் தூக்கம் தூங்கவைத்துப் பார்த்தார்கள். அசையாத கட்டிலைவிட ஆடும் கட்டிலில் சீக்கிரம் தூங்கினார்கள், தூக்கமும் ஆழமாக இருந்தது. புடவையில் தூளி கட்டி ஆட்டிய கைகளுக்கு இது புதுச் செய்தி இல்லை.

இப்போது அந்த வாட்ஸ்அப் செய்தி. தூங்கத் தொடங்கும்போது இதயத் துடிப்பு குறைவது உண்மை, ரத்த அழுத்தமும் இறங்கும், மூச்சும் கொஞ்சம் சீரற்று நிதானமாகும். ஆனால் இதெல்லாம் மூளையே கையில் வைத்துக்கொண்டு இறக்குவது. தான் இறக்கிய வேகத்தைப் பார்த்துத் தானே செத்துவிட்டதாக மூளை ஏமாந்துபோகும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இந்த ஒரு செய்தியை நான் பார்த்த இடத்திலெல்லாம் மறுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், காரணம் அது வெறும் தப்புத் தகவல் இல்லை, உலுக்கலையே கூட்டிவிடுகிற தகவல். பயம் விழிப்பு வலைப்பின்னலை உசுப்பும், உசுப்பினால் ஷிப்ட் மாறுவது இன்னும் இழுபறியாகும், உலுக்கல் இன்னும் வரும், வந்ததும் பயம் கூடும்.

அன்றைக்குத் தம்பியிடம் நான் கேட்டது மூன்றே கேள்வி. எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்? நாலு மணி நேரம், ஒரு மாதமாக. டீ எத்தனை? ஐந்து, ஆறு, கடைசி டீ ராத்திரி பத்தரைக்கு. படித்து முடித்ததும் என்ன செய்கிறாய்? தூக்கம் வரட்டும் என்று மொட்டை மாடியில் அரை மணி நேரம் ஸ்கிப்பிங். உலுக்கலைக் கூட்டுவதாகச் சொல்லப்படுவது அத்தனையும் அவன் ஒரே நாளில் செய்துகொண்டிருந்தான்: தூக்கக் குறைவு, காஃபின், படுக்கப்போகும் முன் கடுமையான உடற்பயிற்சி, மன அழுத்தம். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், பத்தரை மணி டீயில் பாதி அதிகாலை மூன்றரைக்கும் ரத்தத்தில் இருக்கும். பகல் முழுக்க மூளையில் சேர்ந்து 'போதும், படு' என்று சொல்லும் அடினோசின் என்ற பொருளின் இடத்தில் காஃபின் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு பக்கம் தூக்கப் பசி தள்ளுகிறது, இன்னொரு பக்கம் காஃபினும் தேர்வு பயமும் இழுத்துப் பிடிக்கின்றன. வாசலில் இவ்வளவு தள்ளுமுள்ளு நடந்தால் கால் உதறாமல் என்ன செய்யும்? சிகரெட்டும், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும்கூட இதைக் கூட்டலாம். மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்தால் நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

எல்லா உதறலும் இது இல்லை என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். சில விஷயங்களை நான் லேசாக விட மாட்டேன். பதின்ம வயதில் காலையில் எழுந்த பிறகு, முழு விழிப்பில், கை வெட்டி வெட்டி இழுத்து டம்ளரோ பல்துலக்கும் பிரஷ்ஷோ தெறித்து விழுகிறது என்றால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம், தூக்கம் கெட்டால் அதிகமாகும், மருந்தால் நன்றாகக் கட்டுப்படும். தம்பியிடம் இதை நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நாக்கைக் கடித்துக்கொள்வது, படுக்கையில் சிறுநீர் போவது, நினைவு தப்புவது இருந்தாலும் உடனே நரம்பியல் டாக்டர். தூங்கிய பிறகு 20, 40 நொடிக்கு ஒரு முறை தாளம் தப்பாமல் கால் மடங்கி மடங்கி உதறினால் அது வேறு. சாயங்காலம் உட்கார்ந்தால் காலுக்குள் ஏதோ ஊர்வது போல அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றினால் அதுவும் வேறு, இரும்புச்சத்துக் குறைவில் வரும், கர்ப்பிணிகளுக்கு நிறைய வரும், ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். குறட்டையோடு மூச்சு முட்டி எழுந்தாலும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குழந்தை விஷயத்தில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை தூக்கத்தில் கை காலை வெடுக் வெடுக்கென்று இழுப்பதும், எழுப்பியதும் அது நின்றுவிடுவதும் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆனால் சில மாதக் குழந்தை, முக்கியமாகத் தூங்கி எழுந்த கையோடு, வணக்கம் வைப்பதுபோலத் தலையும் உடம்பும் முன்னால் மடங்கி, அடுத்தடுத்து வரிசையாக உலுக்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இதை முதலில் எழுதியவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர், 1841இல், தன் சொந்த மகனுக்கு வந்ததைப் பார்த்துப் பார்த்து, வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டு ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் போட்டார். இன்றைக்குச் சிகிச்சை இருக்கிறது, சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதுதான் முக்கியம். எந்த வயதானாலும் சரி, சந்தேகம் இருந்தால் செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் பத்து நிமிடம் வாயால் சொல்வதைவிட டாக்டருக்கு அது உதவும்.

தம்பிக்கு நான் சொன்ன வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. மதியம் மூன்றுக்கு மேல் டீ வேண்டாம். ஸ்கிப்பிங்கைக் காலைக்கு மாற்று. ஆறரை மணி நேரமாவது தூங்கு, அதற்காக இரண்டு பாடம் விட்டுப்போனாலும் பரவாயில்லை. உலுக்கினால் எழுந்து லைட் போடாதே, திரும்பிப் படு. ஒரு வாரத்தில் குறைந்தது, முழுசாக நிற்கவில்லை.

போன மாதம் விடுமுறைக்கு வந்திருந்தான். கரண்ட் போய்விட்டதால் எல்லோரும் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தோம். பேசிக்கொண்டே இருந்தவன் பாதி வாக்கியத்தில் நிறுத்தினான். நிலா வெளிச்சத்தில் விரல்கள் தளர்ந்து மெல்ல விரிவது தெரிந்தது. அடுத்த நிமிடம் வலது கால் ஒரே உதை, தலைமாட்டில் இல்லாமல் கால்மாட்டில் வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பு உருண்டு போனது. "என்னடா?" என்றேன். பாதிக் கண்ணைத் திறந்து, "ஒண்ணுமில்லக்கா, படி" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டான்.